மூன்று கரண்டிக் கடை

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் பெரியவளை லாட்ஜ் அறையில், ஒரு காலில் செருப்போடும் கையில் ஒரு தாளோடும் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் போய்ப் பார்த்தால் அவள் இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறாள். மற்றொரு செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மணி காலை ஏழரை.

அந்தத் தாள் மாநாட்டுப் பையில் இருந்தது. ஊர் ஊராகக் குடிநீரைப் பரிசோதிக்கிறவர்கள் இருநூறு பேர் கூடியிருக்கும் மாநாடு அது. ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். பைக்குள் ஒரு பேனா, ஒரு நிகழ்ச்சி நிரல், ஒரு பாட்டில் தண்ணீர். கூடியிருப்பவர்கள் யார் என்று தெரிந்தும் தண்ணீரைக் கொடுத்த தைரியசாலி யாரோ, ஒருவர்கூட அந்த பாட்டிலைத் திறக்கவில்லை. அவற்றோடு இந்தத் தாள்.

'வெளியூரிலிருந்து வந்திருப்பவர்கள் நன்றாகச் சாப்பிட' என்று தலைப்பு. கீழே ஒன்பது சாப்பாட்டுக் கடைகள். எப்படிப் போவது, எங்கே உட்காருவது, என்ன கேட்பது எல்லாம் வரிசையாக டைப் அடித்திருந்தது. கடைசியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மதிப்பு. நட்சத்திரமா, மார்க்கா என்றால் இரண்டும் இல்லை. கரண்டி.

ஐந்து கடைகளுக்கு ஒரு கரண்டி. மூன்று கடைகளுக்கு இரண்டு கரண்டி. ஒரே ஒரு கடைக்கு மட்டும் மூன்று கரண்டி.

அதைப் படித்த பிறகுதான் பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் பிறந்த வீட்டில் சாப்பாட்டை யாரும் வாய் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொன்னது கிடையாது. அப்பா நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்க முடியாத எதையும் பேசமாட்டார். ஒரு கரண்டி வாங்கிக்கொண்டால் பசிக்குச் சாப்பிட்டார் என்று அர்த்தம். இரண்டு என்றால் பிடித்திருக்கிறது. எப்போதாவது மூன்றாவது கரண்டிக்குத் தட்டு நீண்டால், அன்று முழுக்க அம்மாவின் நடையே வேறாக இருக்கும். பெரியவளைக் கட்டிக்கொண்டவர் முதல்முறை அங்கே சாப்பிட்டபோது "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொல்லிவைத்தார். வீடே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

ஆக, கரண்டிக் கணக்கு தெரிந்தவர்கள் உலகத்தில் நாலே பேர். அப்பா, அம்மா, பெரியவள், மூன்று பேரும் இந்தத் தாளை எழுதவில்லை. மிச்சம் ஒருவன்.

சின்னவன். வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆன தம்பி.

அவன் ஏன் போனான் என்பது நமக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இன்றைய கதைக்கு அது வேண்டும். அளவை ஆபீஸில் அவனுக்கு வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. சேர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்னால் அக்காவிடம் வந்தான். "எனக்கு அந்த வேலை வேண்டாம்க்கா. சமையல் கத்துக்கப் போறேன். நீ அப்பாகிட்ட சொல்லிடு, நீ சொன்னா கேப்பார்." அவளும், "நான் பாத்துக்கறேன், நீ தூங்கு" என்றாள்.

பார்த்துக்கொள்ளவில்லை. அப்பா மகனுக்குப் புது பூட்ஸ் வாங்கி அதற்குத் தன் கையாலேயே பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டபோது அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் அப்பா தம் சொந்த அளவு நாடாவை எடுத்து மகன் கையில் கொடுத்தார். எல்லாம் தெரிந்தும் அப்பா பிடிவாதமாக நீட்டுகிறார் என்று அவன் நினைத்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசி நாளில் முகத்தில் அடிக்கிறான் என்று அவர் நினைத்தார். பேச்சு தடித்தது. அவன் போய்விட்டான். "அந்தப் பேச்சு இனிமே இந்த வீட்ல வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு வாக்கியம். 'நான் சொல்லவே இல்லை.' அது தெரிந்தவள் பெரியவள் ஒருத்திதான். ஒன்பது வருஷமாக அதை மென்றுகொண்டிருக்கிறாள், விழுங்கவும் முடியவில்லை.

இன்று மாநாட்டின் கடைசி நாள். மூன்று மணிக்கு அவள் கட்டுரை வாசிக்க வேண்டும். ஆறு மணிக்கு ரயில்.

"செருப்பைத் தேடறியா, இல்ல தியானமா?"

கேட்டது அறைத்தோழி. வேறொரு ஊர்க் குடிநீர் நிலையத்தில் இருபது வருஷமாக இருக்கும் அம்மாள். எங்கே போனாலும் கைப்பையில் சின்ன வடிகட்டி ஒன்றை எடுத்துப்போவதால் மாநாட்டில் எல்லோருக்கும் அவள் வடிகட்டிதான்.

"இந்தத் தாளை யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிக்கணும்" என்றாள் பெரியவள்.

"எதுக்கு? பரிசு குடுக்கவா? எழுதினவனைத் தேடறதைவிட எழுதினதைச் சாப்பிடறது புத்திசாலித்தனம். எழுந்திரு."

மாநாட்டுப் பைகளைக் கட்டிக்கொடுத்தது லாட்ஜ்காரர்கள்தான். கீழே வரவேற்பில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்தே நாலு நாள்தான் ஆகிறதாம். "மேனேஜர் குடுத்தது மேடம். அவர் லீவுல இருக்கார். ரூமுக்கு வர்றவங்களுக்குக் குடுக்கச் சொல்லி யாரோ எழுதிக் குடுத்ததுன்னு மட்டும் சொன்னாரு."

"ஆணா பொண்ணா? வயசு என்ன?"

"தாளைத்தான் பாத்தேன் மேடம். ஆளைப் பாக்கல."

தாளின் முதல் கடைக்கு, 'தபால் ஆபீஸ் வாசலிலிருந்து 140 தப்படி' என்று போட்டிருந்தது. தப்படியை எண்ணி வழி சொல்வது அப்பாவின் பழக்கம். வேலையில் வந்தது, ஓய்வு பெற்றும் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி எண்ணிக்கொண்டே வந்து, வாசற்படியில் கால் வைக்கும்போது கடைசி எண்ணை வாய்விட்டுச் சொல்வார். "இருநூறு." அந்தக் குரலைக் கேட்டுத்தான் அம்மா தட்டை எடுத்து வைப்பாள்.

சின்னவன் எதையும் எண்ணி அவள் பார்த்ததில்லை. தேதியையே அடுத்தவரிடம் கேட்கிறவன். வயது ஏற ஏற அப்பாவின் குணம் வந்துவிட்டதோ என்னவோ. அப்படித்தான் அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவளும் எண்ணிக்கொண்டே போனாள். 140-இல் ஒரு சலவைக் கடை இருந்தது. 175-இல்தான் சாப்பாட்டுக் கடை வந்தது.

"உன் ஆளுக்கு எண்ணத் தெரியல" என்றாள் வடிகட்டி.

புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிற சின்னக் கடை. முட்டையும் ரொட்டியும் வந்தன. முட்டையின் ஓரம் மட்டும் மொறுமொறுவென்று, நடு இளக்கமாக. இரண்டு கரண்டி என்று போட்டது நியாயம்தான். வடிகட்டி பேச்சையே நிறுத்திவிட்டுச் சாப்பிட்டாள். பெரியவள் தாளை நீட்டிக் கேட்டாள்.

"இதை எழுதினவர் உங்க கடைக்கு வந்திருக்கார். யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"கரண்டிக்காரரா?" என்றான் கடைக்காரன். "இந்தத் தாளைப் பாத்து நேத்து மட்டும் முப்பது பேர் வந்தாங்க. நல்லா ஞாபகம் இருக்கு. உயரமான ஆளு."

"குட்டை" என்றாள் அவன் பெண்டாட்டி உள்ளே இருந்து.

"உனக்கு எல்லாருமே குட்டை." அவள் அவனைவிட ஒரு சாண் உயரம் இருந்தாள். "உயரம்தாங்க. தொப்பி போட்டிருந்தாரு. வயசு சரியாத் தெரியல."

"தொப்பியைக் கழட்டி மேசைமேல வெச்சாரே. தலை பளபளன்னு இருந்தது."

"அது அடுப்பு ரிப்பேருக்கு வந்த ஆளு. அன்னிக்கே வந்ததால நீ குழப்பிக்கறே."

"நான் குழப்பிக்கறேனா? போன மாசம் கல்யாண நாளையே குழப்பிக்கிட்டவர் யாரு?"

"கண்ணாடி போட்டிருந்தாரா?" பெரியவள் நடுவில் புகுந்தாள்.

"ஆமாம்" என்றான் அவன். "இல்லை" என்றாள் அவள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்த ஆள், "சமையல் யார்?" என்று கேட்டாராம். "நான்தான்னு வெளிய வந்து நின்னேன்" என்றாள் அந்தப் பெண். "ஒரு பார்வை பாத்தாரு. முகம் அப்படியே தொங்கிப்போச்சு. ரெண்டு கரண்டி வாங்கித் தின்னுட்டு எதுக்கு முகம் தொங்கணும்? எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரல."

பெரியவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. சின்னவன் எதற்காகக் கடை கடையாகப் போய்ச் சமையல்காரரைத் தேட வேண்டும்? வேலை தேடியா? வேலை தேடுகிறவன் முகம் தொங்குமா? இல்லை, அந்தத் தாளை எழுதியது அவனே இல்லையா? அவனில்லை என்றால், கரண்டி எங்கிருந்து வந்தது?

மாநாட்டு மண்டபத்துக்குத் திரும்பியும் மனம் திரும்பவில்லை. மேடையில் ஒருவர் குளோரின் அளவைப் பற்றி முப்பத்தாறு படங்கள் காட்டினார். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு வராந்தாவுக்குப் போய் அம்மாவுக்கு போன் போட்டாள்.

"சாப்பிட்டியாடி?" அம்மாவுக்கு ஹலோ என்றால் இதுதான்.

"சாப்பிட்டேன். அப்பா இல்லையா?"

"இன்னிக்கு மாசத்து முதல் வியாழக்கிழமை இல்லையா, கண்ணாஸ்பத்திரி. விடிகாலை வண்டிக்கே போயிட்டார்."

"மாசாமாசமா போறார்?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. அந்தச் சொட்டு மருந்து எந்தக் கண்ணுக்குப் போகுதோ, பேப்பரை இன்னும் கையை நீட்டிவெச்சுத்தான் படிக்கறார். இன்னொண்ணு கேளு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற அன்னிக்கு என் சமையல் ஒரு கரண்டியோட சரி. அந்த கான்டீன்ல அப்படி என்னத்தைத்தான் போடறாங்களோ."

"அம்மா..."

"என்னடி குரல் ஒரு மாதிரி?"

தாளைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லி, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால்? அம்மா இன்னொரு தடவை தாங்கமாட்டாள்.

"ஒண்ணுமில்ல. தொண்டை கட்டிருக்கு."

"வெந்நீர் குடி." அப்புறம் அம்மா குரலைத் தாழ்த்தினாள். அப்பா வீட்டில் இல்லாதபோதுகூட அந்தப் பேச்சுக்கு அவள் குரல் தாழ்ந்துவிடும். "பெரிய ஊர் இல்லையா அது. நடந்துபோறப்ப ஆளுங்க முகத்தைப் பாத்துண்டே போ. என்ன?"

"சரிம்மா."

போனை வைத்துவிட்டுப் பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சொன்னதில் ஏதோ ஒன்று இடித்தது. எது என்று பிடிபடவில்லை.

பன்னிரண்டு மணி இடைவேளையில் வடிகட்டியே வந்து கையைப் பிடித்தாள். "வா, அந்த மூணு கரண்டியைப் போய்ப் பாத்துடுவோம். இல்லாட்டி நீ மேடைல ஏறித் தண்ணிக்குப் பதிலா கரண்டியைப் பத்திப் பேசுவே."

'பேருந்து நிலையத்தின் பின்வாசல். கிழக்கே 310 தப்படி. நீலக் கதவு. தூணுக்குப் பக்கத்து மேசை. பயறும் காய்கறியும் போட்ட கெட்டி சூப். ரொட்டி தனியாகக் கேட்கவும். மூன்று கரண்டி.'

பெரியவள் எண்ணினாள். முந்நூற்றுப் பத்தில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு டயர் கடை.

"இதை எப்படி மூணு கரண்டி தின்னறது?" என்றாள் வடிகட்டி. "ஆளே சரியில்லம்மா. காலைலயும் இப்படித்தானே, நூத்தி நாப்பதுன்னு போட்டு நூத்தி எழுபத்தஞ்சு நடக்கவெச்சான்."

பெரியவள் நின்றுவிட்டாள்.

நூற்று நாற்பதுக்கு நூற்று எழுபத்தைந்து. நாலுக்கு ஐந்து. தினம் பரிசோதனைக் குழாய்களில் விகிதம் பார்த்துப் பழகிய மூளை, அவளைக் கேட்காமலே கணக்கைப் போட்டது. முந்நூற்றுப் பத்துக்கு முந்நூற்று எண்பத்தேழரை. எண்ணிக்கொண்டு நடந்தாள். முந்நூற்று எண்பத்தேழில் எதிரே நீலக் கதவு. அரைத் தப்படியில் கை வைக்கலாம்.

ஆனால் அவள் கை வைக்கவில்லை. நாலுக்கு ஐந்து என்பதை இதற்கு முன்னால் எங்கேயோ கண்டிருக்கிறாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல். அப்பாவுக்கு இருநூறு. சின்ன வயதிலிருந்து அவள் எத்தனை தடவை எண்ணியிருப்பாள், பாவாடை காலத்தில் வேறு கணக்கு, வளர்ந்த பிறகு ஒரே கணக்கு. அவளுக்கு இருநூற்றைம்பது.

சின்னவன் நெட்டைக் கால்காரன். வீட்டிலேயே உயரம். அவன் நடந்து எழுதியிருந்தால் எண்ணிக்கை இன்னும் குறைந்திருக்கும். இது தம்பியின் கால் இல்லை. முப்பத்தைந்து வருஷம் நிலத்தை அளந்து, அங்குலம் பிசகாமல் ஒரே நீளத்தில் விழப் பழகிய கால்.

இது அப்பா.

"என்ன ஆச்சு? முகம் வெளுத்துப்போச்சே" என்றாள் வடிகட்டி.

"தேடிண்டு வந்தது ஒருத்தரை. வந்து நிக்கறது வேற ஒருத்தர் கணக்குல" என்றாள் பெரியவள். வடிகட்டிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் இருபது வருஷம் ஒரு வேலையில் இருந்தவள், எப்போது கேள்வி கேட்கக் கூடாது என்று தெரிந்தவள்.

"நீ உள்ள போ. நான் மண்டபத்துக்குப் போய் உன் பேரைக் கடைசிக்குத் தள்ளச் சொல்றேன். ஆனா ஒண்ணு, எனக்கு ஒரு பாத்திரத்துல கட்டிண்டு வரணும்."

உள்ளே எட்டு மேசைகள், பாதி நிறைந்திருந்தன. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்குத் தெரிந்துவிட்டது. வெங்காயம் ஓரம் கருகும் வாசனை.

பெரியவள் பிறந்த வீட்டு அடுப்புக்கு ஒரு கால் குட்டை. யாரும் அதைச் சரி செய்ததில்லை. சட்டி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும், எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், வெங்காயம் மறுபக்கத்தில் கருகும். வெங்காயம் என்றால் அப்படித்தான் வதங்கும் என்றே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

தூணுக்குப் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றித் தரையில் பாதத்தைப் பதித்துக்கொண்டாள். தரை சில்லென்று இருந்தது. கொண்டையில் பென்சில் செருகிய ஒரு அம்மாள் பரிமாற வந்தாள்.

"அந்த நாற்காலி வேண்டாம்மா. ஒரு மணிக்கு ஒருத்தர் வருவார், அது அவரோடது."

"அவர் வந்ததும் எழுந்துக்கறேன். யார் அவர்?"

"இங்க வர்றவங்கள்ல ஒருத்தர்." அந்த அம்மாளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "மாசத்துல ஒரு வியாழன். பதினாலு மாசமா வர்றார். முதல் நாள் ஒரு கரண்டி சூப்பை வாயில வெச்சாரு, அப்படியே உக்காந்துட்டாரு. ரெண்டாவது கேட்டாரு. மூணாவது கேட்டாரு. சமையல் யாருன்னு கேக்க வாயெடுத்தாரு, கேக்காமலே போயிட்டாரு. அன்னிலேர்ந்து இப்படித்தான். மூணு கரண்டி சாப்பிடுவாரு, கை கழுவுவாரு, போவாரு. சமையலறைப் பக்கம் தலைகூடத் திரும்பாது."

"சமையல்காரர்?"

"அது அதுக்கு மேல. ஒரு மணிக்கு சமையலறை ஜன்னலை ஒரு விரக்கடை திறந்துவெச்சுப் பாப்பாரு. வெளிய வாங்களேன், ஒருத்தர் உங்க சமையலுக்கு ஏங்கி வர்றாரேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். வெங்காயம் தீஞ்சுடும்னுவாரு. எப்பப் பாரு வெங்காயம்." குரலைக் குறைத்தாள். "நடுவுல கடைக்குக் கூட்டமே இல்லம்மா. மூடிடலாமான்னு இருந்தோம். அதை யாரோ சொல்லக் கேட்டுட்டாரு போல. தான் சாப்பிட்டுப் பாத்த கடையெல்லாம் நோட்டுல எழுதிவெச்சிருந்தாராம், அதை லாட்ஜ்ல குடுத்து, வர்றவங்களுக்கெல்லாம் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. எங்க கடையை மட்டும் எழுதிக் குடுத்தா ஆகாதா? ஒன்பதையும் எழுதினாரு. நேர்மைக்காரர்."

பெரியவள் தலையை ஆட்டினாள். கண்ணாஸ்பத்திரி. கான்டீன். இதை எதிலே சேர்ப்பது? அந்தப் பேச்சு வேண்டாம் என்றவர், ஊர் விட்டு ஊர் வந்து, எட்டுக் கடைகளில் தின்று, ஒன்பதாவதில் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்த பிறகும் பேசவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பதினாலு மாதமாக இங்கே ஒரு குடும்பம் நடந்துகொண்டிருக்கிறது, தனக்குத் தெரியாமல்.

சூப் வந்தது. ஒரு வாய் வைத்தாள். வீடு.

"அடுப்பு சாய்வா?" என்றாள்.

அந்த அம்மாள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "அடுப்பு புதுசு, நேராத்தான் இருக்கு. சட்டிக்கு அடியில ஒரு பக்கமா கரண்டிக் காம்பைச் செருகி அவரே சாய்ச்சுப்பாரு. ஏன்னு கேட்டா அப்பத்தான் சரியா வரும்னுவாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னும் ஒரு கரண்டி" என்றாள் பெரியவள்.

இரண்டாவது வந்தது. அதையும் சாப்பிட்டாள். ஜன்னல் ஒரு விரக்கடை திறந்திருந்ததை இப்போதுதான் பார்த்தாள். அதற்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

"இன்னும் ஒண்ணு."

அந்த அம்மாள் உள்ளே போனாள். போனவள் வெறும் கரண்டியோடு திரும்பி வந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முந்தானையில் கரண்டியைத் துடைத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இதுவரைக்கும் யாருக்கும் இல்லைன்னதில்ல. அக்காவுக்கு ரெண்டு போதும்னு சொல்றாரு."

கோபக்காரன். ஒன்பது வருஷம் கழித்தும் அளந்துதான் கொடுக்கிறான். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கண்ணில் தண்ணீரும் வந்தது.

"உள்ள போய் ஒரு வார்த்தை சொல்றீங்களா? நான் அப்பாகிட்ட சொல்லவே இல்லைன்னு, அக்கா சொல்லச் சொன்னான்னு."

"எதை?"

"அவனுக்குத் தெரியும்."

அந்த அம்மாள் போனாள். பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சட்டியைக் கிளறும் சத்தம் வந்துகொண்டிருந்தது. சரக், சரக். பிறகு அது நின்றது.

நின்றது நின்றதுதான்.

வாசனை மாறியது. ஓரம் கருகுவது போய், நடுவும் கருக ஆரம்பித்தது. பக்கத்து மேசைக்காரர் மூக்கைச் சுளித்தார். ஜன்னல் இடுக்கில் வெள்ளை இல்லை, புகை தெரிந்தது.

"முந்நூற்றுப் பத்து."

அவள் முதுகுக்குப் பின்னால், வாசற்படியில் அந்தக் குரல். எத்தனையோ ஆயிரம் தடவை கேட்ட குரல். அவள் கை தானாகவே மேசையில் இருந்த தட்டைத் தூணோரமாக நகர்த்தி இடம் பண்ணியது.

அப்பா தொப்பியைக் கழற்றினார். தம் நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்தவளைப் பார்த்தார். நீ எங்கே இங்கே என்று கேட்கவில்லை. களவாகத் தின்னும்போது பிடிபட்டவர் போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"கருகறது" என்றார்.

"அப்பா, நான் உங்ககிட்ட..."

"யார் கிளறறது உள்ள?"

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லவே இல்லைப்பா. ஒன்பது வருஷமா."

"அப்புறம் சொல்லு. வெங்காயம் கருகறது."

தொப்பியை அவள் முன்னால் மேசைமேல் வைத்தார். தூணைத் தாண்டினார். பதினாலு மாதமாகத் தாண்டாத தூண். சமையலறைக் கதவு வரைக்கும் ஏழு தப்படி. உதடு அசையவில்லை, அவர் எண்ணவில்லை, எண்ணியது பெரியவள்தான். கதவை அவர் தோளால் தள்ளினார். அது உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் நின்றது.

பென்சில் அம்மாள் மட்டும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் கரண்டி இல்லை. "அவர் என்னைப் போகச் சொல்லிட்டாரு" என்றாள். எந்த அவர் என்று சொல்லவில்லை. "எதைச் சொல்லலைன்னு ஒருத்தர் கேக்கறாரு, ஏன் சொல்லலைன்னு இன்னொருத்தர் கேக்கறாரும்மா. ரெண்டு பேரும்தான் கேக்கறாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறாங்க."

அன்று தம்பி அவளிடம் சொல்லி அனுப்பினான். இன்று அவள் இந்த அம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த வீட்டில் யாருக்கும் நேரே போய்ச் சொல்லத் தெரியவில்லை.

"நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றாள் அந்த அம்மாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அப்பாவுக்கு ஏழு என்றால் தனக்கு எட்டே முக்கால். பெரியவள் மேசைக்கு அடியில் காலால் துழாவினாள். ஒரு செருப்புதான் அகப்பட்டது. மற்றொன்றைத் தேடாமல் எழுந்து, முதல் தப்படியை எடுத்து வைத்தாள்.